முதலாம் பராந்தக சோழன்

முதலாம் பராந்தக சோழன் (ஆட்சிக்காலம் கி.பி. 907 - 955) இடைக்காலச் சோழ மன்னர்களுள் மூன்றாமவன். விசயாலய சோழனின் பேரனும், முதலாம் ஆதித்த சோழனின் மகனும் ஆவான். ஏறத்தாழ 48 ஆண்டுகள் ஆட்சி புரிந்த இவன், பாண்டிய நாட்டை வென்றதனால் மதுரை கொண்ட கோப்பரகேசரி என அழைக்கப்பட்டான். வீரநாராயணன், குஞ்சரமல்லன், பண்டிதவத்சலன் என்பன இவனுடைய வேறு பெயர்களுட் சில. இவனுடைய ஆட்சியின் இறுதியில் நிகழ்ந்த தக்கோலப் போரில் சோழர் பெருந்தோல்வி அடைந்தனர். வடக்கே வென்ற நிலப்பகுதிகள் பலவும் இவன் வாழ்நாளிலேயே கைவிட்டுப் போயின. ஆயினும், இவன் காலத்தில் உத்திரமேரூர் ஊர்ச்சபையார் குடவோலை முறை பற்றிப் பொறித்த இரண்டு கல்வெட்டுக்கள், பழங்காலத் தமிழகத்து ஊராட்சியை அறிந்துகொள்ள உதவும் முதன்மைச் சான்றுகளாக இன்றும் விளங்குகின்றன.

இளமையும் ஆட்சி ஏற்பும்

பராந்தகனின் தந்தையான முதலாம் ஆதித்தன், பல்லவ மன்னன் அபராசிதனைக் கொன்று தொண்டை மண்டலத்தைச் சோழ நாட்டுடன் இணைத்தவன். அவன் தொண்டைமானாற்றூர் என்னும் இடத்தில் இறந்தான். காளத்திக்கு அருகிலுள்ள அவ்விடத்தில் பராந்தகன் தன் தந்தையின் நினைவாகப் பள்ளிப்படைக் கோயில் ஒன்றை எழுப்பினான்.

ஆதித்தனுக்கு இராட்டிரகூட மன்னன் இரண்டாம் கிருட்டிணனின் மகள் வயிற்றில் பிறந்த கன்னரதேவன் என்னும் மற்றொரு மகனும் இருந்தான். அரியணை பராந்தகனுக்குச் சென்றதை இரண்டாம் கிருட்டிணன் ஏற்கவில்லை என்றும், தன் பேரனுக்காகவே அவன் சோழ நாட்டின்மீது படையெடுத்தான் என்றும் வரலாற்றாய்வாளர்கள் கருதுகின்றனர். வல்லம் என்னும் இடத்தில் (இன்றைய திருவல்லம்) நிகழ்ந்த போரில் பராந்தகன் வெற்றி பெற்றான். கங்க மன்னன் இரண்டாம் பிருதிவீபதி அவனுக்குத் துணை நின்றான். வாணர்களிடமிருந்து கைப்பற்றப்பட்ட நாட்டைப் பராந்தகன் அவனுக்கே அளித்து, செம்பியன் மாவலி வாணராயன் என்ற பட்டத்தையும் வழங்கினான். உதயேந்திரம் செப்பேடுகள் இச்செய்திகளைத் தெரிவிக்கின்றன.

பாண்டிய நாட்டுப் போர்கள்

ஆட்சிக்கு வந்த மூன்றாம் ஆண்டிலேயே (கி.பி. 910) பராந்தகன் மதுரை கொண்டவன் என்று கல்வெட்டுக்களிற் குறிக்கப்படுகிறான். அப்போது பாண்டிய நாட்டை ஆண்டவன் இரண்டாம் இராசசிம்மன். முதற் படையெடுப்பிற்குப் பின்னர் இராசசிம்மன் ஈழத்தின் உதவியை நாடினான். ஈழ மன்னன் ஐந்தாம் காசியபன் (கி.பி. 914 - 923) தன் படைத்தலைவன் சக்கசேனாபதியின் தலைமையில் ஒரு படையை அனுப்பினான். வெள்ளூரில் நடைபெற்ற போரில் இக்கூட்டுப் படை தோற்றது.

இராசசிம்மன் ஈழத்திற்குத் தப்பிச் சென்றான். அங்கும் நிலைபெற இயலாமல், பாண்டியரின் முடியையும் பிற அரச சின்னங்களையும் ஈழ மன்னனிடம் அடைக்கலமாக விட்டுவிட்டுத் தன் தாயின் பிறந்த நாடான கேரளத்தை அடைந்தான். மதுரையில் பாண்டியர் முடியைச் சூடிக்கொள்ள விரும்பிய பராந்தகனுக்கு இது பெருங்குறையாயிற்று. பிற்காலத்தில், நான்காம் உதயன் ஈழத்தை ஆண்ட போது, அச்சின்னங்களைப் பெறுவதற்காகப் பராந்தகன் ஒரு படையை அனுப்பினான். ஈழப்படை தோற்ற போதிலும், உதயன் முடியுடன் உரோகண நாட்டுக்குள் சென்றுவிட்டதால், சோழப்படை அதனைப் பெறாமலே திரும்பியது. இப்படையெடுப்பின் பின்னர் பராந்தகன் மதுரையும் ஈழமும் கொண்ட கோப்பரகேசரி எனக் குறிக்கப்பட்டான். அந்த முடியைக் கைப்பற்றியவன் அவனுடைய மரபில் வந்த முதலாம் இராசேந்திர சோழன் ஆவான். அதற்கு ஏறத்தாழ 70 ஆண்டுகள் கழிந்தன.

வடக்கே பராந்தகனின் ஆட்சி நெல்லூர் வரை எட்டியது. மாறன் பரமேசுவரன் என்னும் படைத்தலைவன் சீட்புலி நாட்டைத் தாக்கி நெல்லூரை அழித்த செய்தி, பராந்தகனின் 34 ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த திருவொற்றியூர்க் கல்வெட்டொன்றிற் காணப்படுகிறது.

உத்திரமேரூர்

இன்றைய காஞ்சிபுரம் மாவட்டத்திலுள்ள உத்திரமேரூர், பராந்தகன் காலத்தில் உத்தரமேருச் சதுர்வேதிமங்கலம் என்ற பெயருடன் காலியூர்க் கோட்டத்தில் தன்கூற்றாக, அதாவது தனி நிருவாகப் பிரிவாக, இருந்தது. பல்லவ மன்னன் இரண்டாம் நந்திவர்மன் காலத்தில் அந்தணர்களுக்குத் தானமாக அளிக்கப்பட்ட பிரமதேய ஊர் இது. ஊரில் 12 சேரிகளும் (அக்காலத்தில் இச்சொல் தெருக்களைக் குறித்தது) 30 குடும்புகளும் இருந்தன. குடும்பு என்பது இன்றைய வார்டு போன்றதொரு பிரிவு ஆகும்.

ஊர்ப் பொதுச்சபை கூடும் மண்டபத்தின் சுவர்களில் சபையின் முடிவுகள் பொறிக்கப்பட்டன. அம்மண்டபம் இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் என வழங்குகிறது. இச்சுவர்களிலும் ஊரின் பிற கோயில்களிலும் உள்ள கல்வெட்டுக்கள் பல்லவர் காலம் முதல் விசயநகரக் காலம் வரை பரந்தவை. இவற்றுள் பராந்தகனின் 12 ஆம் ஆட்சியாண்டையும் (கி.பி. 919) 14 ஆம் ஆட்சியாண்டையும் (கி.பி. 921) சேர்ந்த இரு கல்வெட்டுக்களே பெரிதும் புகழ்பெற்றவை. 1898 ஆம் ஆண்டில் கண்டறியப்பட்ட இவற்றை வெங்கையா ஆராய்ந்து வெளியிட்டார். பின்னர் நீலகண்ட சாத்திரியார் விரிவாக ஆராய்ந்தார்.

இரண்டு கல்வெட்டுக்கள் ஏன்?

கி.பி. 919 இல் அரசனின் ஆணையின்படி அரச அலுவலர் ஒருவர் உடனிருக்க, வாரியங்களுக்கு உறுப்பினரைத் தேர்ந்தெடுக்கும் விதிகளைச் சபை வகுத்தது. இரண்டே ஆண்டுகளில் அவ்விதிகள் திருத்தப்பட்டன. இரண்டாவது கூட்டத்திற்கு, சோழ நாட்டுப் புறங்கரம்பை நாட்டைச் சேர்ந்த சோமாசிப் பெருமான் என்பவர் அரசனால் அனுப்பப்பட்டார். ஊரில் தீயோர் கெட்டு நல்லோர் தழைக்க வேண்டும் என்பதே திருத்தத்தின் நோக்கமாகக் கல்வெட்டிற் கூறப்படுகிறது. முதல் விதிகளில் இருந்த இடைவெளிகளைச் சிலர் பயன்படுத்திக்கொண்டனர் என்று இதிலிருந்து ஊகிக்கலாம். திருத்தத்தில் வயது வரம்பு 30 - 60 என்பதிலிருந்து 35 - 70 ஆக மாற்றப்பட்டது. தகுதியின்மை பற்றிய விதிகள் பெரிதும் விரிவாக்கப்பட்டன.

விதிகளை வகுத்தவர்கள் ஊர்ச்சபையாரே என்பதும், அரசன் ஆணை பிறப்பித்து அலுவலரை அனுப்பினான் என்பதும் கல்வெட்டிலிருந்து தெளிவாகின்றன. ஆகவே, குடவோலை முறையைப் பராந்தகனே தோற்றுவித்தான் என்று கூறுவது பொருந்தாது. குடத்தில் ஓலையிட்டு எடுக்கும் வழக்கம் பற்றிய குறிப்பு சங்க இலக்கியமான அகநானூற்றிலேயே உள்ளது. பாண்டிய நாட்டு மானூர்க் கல்வெட்டு (ஏறத்தாழ கி.பி. 800) ஊர்ச்சபை உறுப்பினருக்கான தகுதிகளை வரையறுக்கிறது.

உறுப்பினருக்கான தகுதிகள்

கி.பி. 921 ஆம் ஆண்டுக் கல்வெட்டின்படி, குடவோலையில் பெயர் எழுதப்படுவதற்கு ஒருவர் பின்வரும் தகுதிகளைப் பெற்றிருக்க வேண்டும்:

- வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் (ஏறத்தாழ ஒன்றரை ஏக்கர்) உடையவராதல்.
- தமக்கு உரிய மனையில் வீடு கட்டிக் குடியிருத்தல்.
- 35 வயதுக்கு மேலும் 70 வயதுக்கு உட்பட்டும் இருத்தல்.
- வேதப் பயிற்சி உடையவராதல். ஒரு வேதத்துடன் உரை நூல் ஒன்றிலும் வல்லவராயின் அரைக்கால் வேலி நிலமே போதுமானது.
- செயலில் வல்லவராகவும், நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவராகவும் இருத்தல்.
- முந்திய 3 ஆண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்திராமை.

தகுதி அற்றோர்

வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்கள் முதலில் விலக்கப்பட்டனர். அவர்கள் மட்டுமன்றி, அவர்களுடைய உறவினரும் விலக்கப்பட்டனர். தந்தை, மகன், உடன்பிறந்தார், மாமன், மாமனார், மருமகன், அத்தை மகன், சிற்றன்னை பெரியன்னை மக்கள், உடன்பிறந்தாள் கணவன் என உறவுமுறைகள் ஒவ்வொன்றாகக் கல்வெட்டில் எண்ணப்படுகின்றன. கணக்கு ஒப்படைக்காதவர் தம் உறவினரை முன்னிறுத்தி மீண்டும் ஊர்ப் பொறுப்பைக் கைப்பற்றுவதை இவ்விதி தடுத்தது.

பிறர் பொருளைக் கவர்ந்தோர், பெரும் பாவங்களைச் செய்தோர், பொய்யாவணம் எழுதியோர், குற்றத்திற்குத் தண்டனையாகக் கழுதை மேல் ஏற்றப்பட்டோர் ஆகியோரும் விலக்கப்பட்டனர். இவர்களுட் சிலர் கழுவாய் செய்து தூய்மை பெற்றாலும், வாழ்நாள் முழுவதும் வாரியத்திற்குத் தகுதி அற்றவர்களே. பொறுப்பில் இருக்கும்போது குற்றம் செய்தவர் உடனே நீக்கப்பட்டார்.

குடவோலை எடுக்கும் முறை

தேர்தல் நாளன்று சிறியோர் முதல் பெரியோர் வரை அனைவரும் சபை மண்டபத்திற் கூடினர். ஊரில் உள்ள கோயில் நம்பிமார் ஒருவரும் விடுபடாமல் மண்டபத்தினுள் அமர்த்தப்பட்டனர். 30 குடும்புகளிலும் தகுதியுடையோர் பெயர்கள் தனித்தனி ஓலைகளில் எழுதப்பட்டு, குடும்பின் பெயர் குறித்த வாயோலையுடன் கட்டப்பட்டுக் குடத்தில் இடப்பட்டன. நம்பிமாருள் மூத்தவர் எழுந்து நின்று, எல்லோரும் காணுமாறு குடத்தைத் தூக்கிப் பிடித்தார். உள்ளே இருப்பது இன்னதென அறியாத சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுத்தான். அக்கட்டிலுள்ள ஓலைகள் வேறொரு குடத்தில் இட்டுக் குலுக்கப்பட்டன. சிறுவன் அதிலிருந்து ஓர் ஓலையை எடுத்து மத்தியஸ்தனிடம் கொடுத்தான்.

மத்தியஸ்தன் என்பவர் சபையின் நடுநிலை அலுவலர். அவர் ஐந்து விரல்களும் விரிந்திருக்க, உள்ளங்கையில் அவ்வோலையை ஏற்று வாங்க வேண்டும். கையில் வேறோர் ஓலையை மறைத்து வைத்திருந்து மாற்றிவிடாமல் தடுக்கவே இவ்விதி எனலாம். அவர் வாசித்த பின், மண்டபத்திலிருந்த நம்பிமார் அனைவரும் அதே ஓலையை வாசித்தனர். அதன் பின்னரே அப்பெயர் எழுதிக்கொள்ளப்பட்டது. இவ்வாறு குடும்புக்கு ஒருவராக 30 பேர் தேர்ந்தெடுக்கப்பட்டனர்.

வாரியங்களும் அன்றாட வாழ்வும்

தேர்ந்தெடுக்கப்பட்ட 30 பேருள், தோட்ட வாரியத்திலும் ஏரி வாரியத்திலும் முன்பு பணியாற்றியவர்களும் கல்வியிலும் வயதிலும் மூத்தவர்களுமான 12 பேர் சம்வத்சர வாரியம் எனப்படும் ஆண்டு வாரியத்தில் அமர்ந்தனர். மற்றவர்களுள் 12 பேர் தோட்ட வாரியத்திற்கும் 6 பேர் ஏரி வாரியத்திற்கும் சென்றனர். பொன் வாரியத்திற்கும் பஞ்சவார வாரியத்திற்கும் தலா 6 பேர் வேறொரு குடவோலையின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பஞ்சவார வாரியத்தின் பணி யாது என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உள்ளது. பதவிக்காலம் 360 நாட்கள்.

இவ்வாரியங்களின் பணிகள் ஊர் மக்களின் அன்றாட வாழ்வுடன் பிணைந்திருந்தன. ஆண்டு முழுவதும் ஓடும் பேராறு அருகில் இல்லாத இப்பகுதியில், பருவ மழை நீரைத் தேக்கி வைக்கும் ஏரியே வேளாண்மைக்கு அடிப்படை. பல்லவர் காலத்தில் வெட்டப்பட்ட வைரமேகத் தடாகம் உத்திரமேரூரின் பேரேரி ஆகும். அதில் ஆண்டுதோறும் படியும் வண்டலை வாரிக் கரையில் இடுவதற்காகச் செல்வர்கள் பொன் வைப்பாக அளித்தனர். அப்பொன்னின் வட்டியைக் கொண்டு ஏரி வாரியத்தார் பணியை நடத்தினர். வண்டல் வாரப்படாத ஏரியில் நீர் குறையும், நீர் குறைந்தால் விளைச்சலும் வரியும் குறையும். ஆகவே, கணக்குக் காட்டாமை ஒருவருடைய தனிப்பட்ட குற்றமாக மட்டும் நில்லாமல், ஊர் முழுவதையும் பாதிக்கும் செயலாகவும் இருந்தது.

பொன்னின் மாற்றை உரைத்துப் பார்ப்பதும் ஊரின் பொறுப்பில் இருந்தது. இப்பணிக்கு உரியவர்கள் மாடவீதியார், சேனையார், சங்கரப்பாடியார் ஆகியோரிடமிருந்து தேர்ந்தெடுக்கப்பட்டனர். சங்கரப்பாடியார் என்போர் எண்ணெய் வணிகர். இலக்கணம் கற்பிப்போருக்கும் நச்சுக்கடி மருத்துவருக்கும் நிலம் ஒதுக்கப்பட்டிருந்ததையும் உத்திரமேரூர்க் கல்வெட்டுக்கள் காட்டுகின்றன.

ஏதென்சு நகர அரசுடன் ஒப்பீடு

உத்திரமேரூர் முறையைப் பண்டைய கிரேக்கத்தின் ஏதென்சு நகர அரசுடன் ஒப்பிடுவது வழக்கம். ஏதென்சில் கி.மு. 508 அளவில் கிளீசுத்தனீசு செய்த சீர்திருத்தத்தின்படி, குடிமக்கள் 10 பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டனர். பிரிவுக்கு 50 பேராக 500 பேர் கொண்ட அவை அமைந்தது. பின்னர் இவ்வுறுப்பினர்கள் சீட்டுக் குலுக்கலின் மூலம் தேர்ந்தெடுக்கப்பட்டனர். பதவிக்காலம் ஓராண்டு. வயது 30 நிறைந்திருக்க வேண்டும். பதவி ஏற்கும் முன்னர் தகுதி ஆராயப்பட்டது. பதவி முடிந்ததும் கணக்கு ஒப்படைக்க வேண்டும். ஒருவர் வாழ்நாளில் இரு முறைக்கு மேல் அவ்வவையில் இருக்க இயலாது.

இரு முறைகளிலும் குலுக்கல், குறுகிய பதவிக்காலம், கணக்குத் தணிக்கை ஆகியன பொதுவானவை. இவற்றிற்கிடையே தொடர்பு இருந்ததற்குச் சான்று எதுவும் இல்லை. வேறுபாடுகளும் பெரியவை. ஏதென்சு போர் தொடுக்கவும் உடன்படிக்கை செய்யவும் உரிமை பெற்ற தனியரசு. உத்திரமேரூரோ பேரரசு ஒன்றிற்கு வரி செலுத்திய ஊர்.

இரண்டிலும் பெரும்பான்மையோருக்கு இடமில்லை. ஏதென்சில் பெண்களும் அடிமைகளும் வெளிநாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களும் விலக்கப்பட்டிருந்தனர். உத்திரமேரூரில் நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர் மட்டுமே குடவோலைக்கு உரியர். நிலத்தில் உழுதவர்களின் பெயர் எந்த ஓலையிலும் எழுதப்படவில்லை. அந்தணர் அல்லாத நிலவுடைமையாளர் வாழ்ந்த ஊர்களில் ஊர் என்னும் சபையும், வணிகர் வாழ்ந்த இடங்களில் நகரம் என்னும் சபையும் இருந்தன. ஆனால் உத்திரமேரூரில் உள்ளது போன்ற விரிவான தேர்தல் விதிகள் அவற்றுக்குக் கிடைக்கவில்லை. ஆகவே, இதனை இன்றைய பொருளில் மக்களாட்சி என்று கூறுவதைவிட, உரிமையுடைய சிலர் தமக்குள் கடைப்பிடித்த கண்டிப்பான பொறுப்புடைமை முறை என்று கூறுவதே பொருந்தும்.

சமயப் பணிகள்

பராந்தகன் சிறந்த சிவபக்தன். தில்லைச் சிற்றம்பலத்திற்குப் பொன் வேய்ந்தவன் என்று திருவாலங்காட்டுச் செப்பேடுகள் குறிப்பிடுகின்றன. துலாபாரம், இரணியகர்ப்பம் ஆகிய தானங்களையும் செய்தான். காட்டுமன்னார்கோயிலுக்கு அருகிலுள்ள வீராணம் ஏரி இவனுடைய வீரநாராயணன் என்ற பெயரால் அமைந்தது. அவ்வேரியின் நீர் இன்று சென்னை மாநகரின் குடிநீர்த் தேவைக்கும் பயன்படுகிறது.

தக்கோலப் போரும் இறுதிக் காலமும்

பராந்தகனின் மகள் வீரமாதேவி இராட்டிரகூட மன்னன் நான்காம் கோவிந்தனுக்கு மணம் செய்து கொடுக்கப்பட்டாள். கோவிந்தன் அரியணையை இழந்ததால் இராட்டிரகூடருடன் இருந்த உறவு முறிந்தது. பின்னர் மூன்றாம் கிருட்டிணன் சோழருக்கு எதிராகப் படை திரட்டினான். இவ்விடரை எதிர்பார்த்த பராந்தகன், தன் மூத்த மகன் இராசாதித்தனைப் பெரும்படையுடன் திருமுனைப்பாடி நாட்டுத் திருநாவலூரில் பல ஆண்டுகள் நிறுத்தி வைத்திருந்தான்.

கி.பி. 949 இல் அரக்கோணத்திற்கு அருகிலுள்ள தக்கோலத்தில் போர் நிகழ்ந்தது. மூன்றாம் கிருட்டிணனுக்குத் துணையாக வந்த கங்க மன்னன் பூதுகன், யானை மேலிருந்து போரிட்ட இராசாதித்தனைக் கொன்றான். இதனால் இராசாதித்தன் யானைமேல் துஞ்சிய தேவன் எனப்பட்டான். அவனுடைய படைத்தலைவனாக இருந்த கேரளத்தைச் சேர்ந்த வெள்ளங்குமரன், தன் தலைவனுடன் உயிர்விட இயலாமற்போனதற்கு வருந்தித் துறவு பூண்டு, திருவொற்றியூரில் சதுரானன பண்டிதர் என்ற பெயருடன் வாழ்ந்தான் என ஆய்வாளர்கள் கருதுகின்றனர்.

தொண்டை மண்டலம் இராட்டிரகூடர் வசமாயிற்று. கிருட்டிணன் கச்சியும் தஞ்சையும் கொண்டவன் என்று தன்னை அழைத்துக்கொண்டான். தெற்கே பாண்டியரும் மீண்டும் தலையெடுத்தனர். இந்நிலையிலேயே பராந்தகன் கி.பி. 955 அளவில் மறைந்தான். அவனுக்குப் பின் அவன் மகன் கண்டராதித்தனும், அடுத்து மற்றொரு மகன் அரிஞ்சயனும் ஆட்சிக்கு வந்தனர். கண்டராதித்தனின் மனைவியே செம்பியன் மாதேவி. இழந்த பெருமையைச் சோழர் முழுமையாக மீட்டது கி.பி. 985 இல் முதலாம் இராசராசன் ஆட்சிக்கு வந்த பின்னரே ஆகும்.

பிற்காலத் தாக்கம்

பராந்தகன் வென்ற நாடுகள் அவன் காலத்திலேயே கைமாறின. அவன் ஆட்சியாண்டைத் தாங்கிய உத்திரமேரூர்ச் சுவர், அதன் பின் வந்த அரசுகள் பலவற்றையும் கடந்து நிற்கிறது. விடுதலைக்குப் பின் இந்தியாவில் ஊராட்சி பற்றிய விவாதங்களில் இக்கல்வெட்டுக்கள் அடிக்கடி எடுத்துக்காட்டப்பட்டன. 1992 ஆம் ஆண்டின் 73 ஆவது அரசியலமைப்புத் திருத்தமும், 1994 ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் ஊராட்சிகளுக்கும் கிராம சபைக்கும் சட்டப்படியான இடத்தை அளித்தன.

இன்று உத்திரமேரூர் ஒரு பேரூராட்சி. அவ்வட்டத்திலுள்ள சாலவாக்கம் போன்ற சிற்றூர்களில், வாக்காளர் பட்டியலில் பெயருள்ள எவரும் நிலமோ கல்வியோ சாதியோ கேட்கப்படாமல் கிராம சபையில் அமர்ந்து ஊராட்சியின் வரவு செலவுக் கணக்கைக் கேட்கலாம். குடவோலையில் இடம்பெறாத பெண்களுக்கு உள்ளாட்சிப் பதவிகளில் 50 விழுக்காடு ஒதுக்கப்பட்டுள்ளது. கணக்குக் காட்டாதவர் மீண்டும் பொறுப்புக்கு வரக்கூடாது என்ற பழைய விதி, இன்று கிராம சபையில் கணக்குக் கேட்போருக்கும் பொருந்தும் பாடமாகவே உள்ளது.